காமா டேப்: நீளம் தாராளம், கோடுதான் மங்கல்

அஞ்சுக்கு ரெண்டரை ஸ்டார். முதல்லயே சொல்லிடுறேன், இல்லன்னா கீழ வரைக்கும் படிச்சுட்டு இவ்ளோ புகழ்ந்துட்டு ரெண்டரைதானான்னு கேப்பீங்க. ரெண்டு ஸ்டார் நீளத்துக்கு, அரை ஸ்டார் டேட்டா எல்லாம் ஓசில கிடைக்குறதுக்கு. துல்லியத்துக்கு எவ்ளோன்னு மட்டும் கேக்காதீங்க, அதைத்தான் கீழ புலம்பி வச்சிருக்கேன்.

பொருள் என்னன்னா, பிரபஞ்சத்தை அளக்குற டேப். காமா கதிர் வெடிப்பு, சுருக்கமா ஜிஆர்பி. சூரியனை விட பல மடங்கு கனமான ஒரு நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்து உள்ளுக்குள்ளயே இடிஞ்சு விழும்போது ரெண்டு பக்கமும் ஒடுக்கமா ஜெட் பீச்சி அடிக்கும், அந்த ஜெட் தப்பித்தவறி நம்ம பக்கம் பாத்து இருந்தா சில செகண்ட்லேர்ந்து சில நிமிஷம் வரைக்கும் காமா கதிர் மின்னும், அப்புறம் எக்ஸ்ரே, கண்ணுக்கு தெரியுற ஒளி, ரேடியோன்னு மெதுவா மங்கிட்டே போகும். 2 செகண்டுக்கு மேல மின்னுறது நீளமான வகை, நான் யூஸ் பண்ணது அதைத்தான். அதை விட குட்டியா இருக்குறது பெரும்பாலும் நியூட்ரான் நட்சத்திரங்க ஒண்ணோட ஒண்ணு மோதுறது, அதுக்கு தனி ரிவ்யூ எழுதணும்.

இதை வச்சு என்ன அளக்குறாங்க? பிரபஞ்சத்துல பொருள் எவ்ளோ இருக்கு, அதாவது ஒமேகா எம்ங்கற எண், அப்புறம் டார்க் எனர்ஜி (பிரபஞ்ச விரிவை வேகப்படுத்துற, என்னன்னே தெரியாத சரக்கு) எப்படி நடந்துக்குது. ஒமேகா எம் 0.3-ன்னா மொத்த கணக்குல 30 சதவீதம் பொருள் (கண்ணுக்கு தெரியாத டார்க் மேட்டரும் சேத்துதான்), மிச்சம் 70 டார்க் எனர்ஜி. எல்லாரும் ஏத்துக்கிட்டிருக்குற கணக்கு கிட்டத்தட்ட இதான், பிளாங்க் சாட்டிலைட் 2018-ல குடுத்தது 0.315, அதுல பிழை வெறும் 0.007. இந்த எண்ணை மனசுல வச்சுக்கோங்க, என் டேப் குடுத்த பதிலை கீழ சொல்லும்போது சிரிக்கலாம்.

ஹிஸ்டரியே தமாஷா இருக்கும். 1967 ஜூலை 2-ஆம் தேதி அமெரிக்காவோட வேலா சாட்டிலைட்டுங்க இதை முதல்ல பிடிச்சது, அதுங்க வேலை என்னமோ யாராவது திருட்டுத்தனமா அணுகுண்டு சோதனை பண்றாங்களான்னு காவல் காக்குறது. வெளிய சொன்னது 1973-ல. அதுக்கப்புறமும் இது எவ்ளோ தூரத்துலேர்ந்து வருதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது, நம்ம கேலக்ஸிக்குள்ளயா, இல்ல ரொம்ப வெளியவான்னு வருஷக்கணக்கா சண்டை. 1991-ல மேல போன காம்ப்டன் ஆய்வகத்துல இருந்த பேட்ஸ் கருவி 2704 வெடிப்பை பிடிச்சு பாத்தா வானம் பூரா சமமா இறைஞ்சு கிடக்கு. கடைசியா 1997-ல பெப்போசாக்ஸ் சாட்டிலைட் புண்ணியத்துல வெடிப்புக்கு பின்னாடி மங்குற ஒளியை பிடிச்சாங்க, அதே வருஷம் மே 8-ஆம் தேதி வெடிப்புக்கு ரெட்ஷிஃப்ட் (பிரபஞ்சம் விரிஞ்சதால ஒளி சிவப்பு பக்கம் எவ்ளோ நீண்டிருக்குங்கற எண், கூடக்கூட தூரம் ஜாஸ்தி) 0.835-ன்னு வந்துச்சு. ஆக பார்சல் வந்தது 1967, உள்ள இருக்குறது எத்தனை நீள டேப்னு லேபிள் ஒட்டினது 1997.

நீளம்னா சாதாரண நீளம் இல்ல. டைப் 1ஏ சூப்பர்நோவாதான் (ஒரு வகை நட்சத்திர வெடிப்பு) இப்ப மார்க்கெட்ல நம்பர் ஒன் டேப், அதை வச்சுதான் 1998-ல பிரபஞ்சம் வேகம் கூடிட்டே விரியுதுன்னு கண்டுபிடிச்சாங்க, பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூணு பேருக்கும் 2011-ல நோபல் கிடைச்சது. ஆனா பாந்தியான் பிளஸ்னு சூப்பர்நோவாங்களோட பெரிய தொகுப்பை எடுத்தா, அது ரெட்ஷிஃப்ட் 2.26-ல முடிஞ்சிடுது. நம்ம ஜிஆர்பி 090423-ஐ பாருங்க, ரெட்ஷிஃப்ட் சுமார் 8.2, அந்த ஒளி கிளம்பும்போது பிரபஞ்சத்துக்கு வயசு 63 கோடி வருஷம்தான், இன்னைக்கு வயசு 1380 கோடி. 2008 மார்ச் 19-ல வந்த ஜிஆர்பி 080319பி வேற ரகம், 750 கோடி வருஷம் பயணம் பண்ணி வந்த ஒளி, அந்த நேரத்துல இருட்டான இடத்துல நின்னு சரியான திசைய அண்ணாந்து பாத்திருந்தா வெறும் கண்ணுக்கே கொஞ்ச நேரம் மங்கலா தெரிஞ்சிருக்கும். அப்புறம் காமா கதிருக்கு வழியில இருக்குற தூசி ஒரு பொருட்டே இல்ல. சூப்பர்நோவா டேப்புல தூசி எவ்ளோ ஒளிய தின்னுச்சுன்னு கணக்கு போட்டே பாதி ஆயுசு போயிடும். இந்த ஒரு விஷயத்துல ஜிஆர்பிக்கு முழு மார்க்.

சரி, தூரம் தெரிஞ்சா பொருளோட அடர்த்தி எப்படி தெரியும்? ரெட்ஷிஃப்ட் சொல்றது ஒளி கிளம்பினதுக்கு அப்புறம் பிரபஞ்சம் எத்தனை மடங்கு விரிஞ்சிருக்குன்னு. அந்த விரிவுக்கு எவ்ளோ காலம் எடுத்துச்சு, ஒளி எவ்ளோ தூரம் ஓடுச்சுங்கறது உள்ள என்ன சரக்கு இருக்குங்கறத பொறுத்தது. பொருள் நிறைய இருந்தா ஈர்ப்பு விரிவை இழுத்துப்பிடிக்கும், அப்ப அதே ரெட்ஷிஃப்டுக்கு தூரம் கம்மியா வரும், வெடிப்பு கொஞ்சம் கூடுதல் பிரகாசமா தெரியும். அவ்ளோதான் சூட்சுமம். நானே பேப்பர்ல போட்டு பாத்தேன், ரெட்ஷிஃப்ட் 8-ல வச்சு, முழுக்க பொருள் மட்டுமே இருக்குற பிரபஞ்சத்தையும் 30-க்கு 70 பிரபஞ்சத்தையும் ஒப்பிட்டா தூரம் சுமார் 1.57 மடங்கு வித்தியாசம் வருது. வானியல் ஆளுங்க பாஷையில கிட்டத்தட்ட 1 மேக்னிட்யூட் (பிரகாசத்தை அளக்குற அலகு). ரெட்ஷிஃப்ட் 0.5-ல இதே வித்தியாசம் 0.4 மேக்னிட்யூட்தான். அடடா, தூரம் போகப்போக வித்தியாசம் பெருசாகுதே, அப்ப நீளமான டேப்தானே ஜெயிக்கும்னு தோணுதுல்ல? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, அதனாலதான் மூணு மாசம் ராத்திரி தூக்கத்தை இதுல விட்டேன்.

இப்ப கோடு விஷயத்துக்கு வரேன். டேப்னா அதுல கோடு இருக்கணும். சூப்பர்நோவாவுக்கு உள்ள பிரகாசம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, கொஞ்சம் சரி பண்ணிட்டா 0.15 மேக்னிட்யூட்டுக்குள்ள அடங்கிடும், தூரத்துல சொன்னா 7 சதவீதம் பிழை. ஜிஆர்பி அப்படியா? ஒண்ணு 10-ன் 51-ம் அடுக்கு எர்க் (எனர்ஜியோட அலகு) கக்கும், இன்னொண்ணு 54-ம் அடுக்கு, அதாவது ஆயிரம் மடங்கு. ஒரு தெருவுல ஜீரோ வாட் பல்பும் ஃபிளட் லைட்டும் கலந்து மாட்டி வச்சுட்டு மினுக்குறதை வச்சு எது எவ்ளோ தூரம்னு சொல்லுன்னா எப்படி சொல்றது.

இங்கதான் அமாட்டியும் கூட்டாளிங்களும் 2002-ல ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. வெடிப்போட ஸ்பெக்ட்ரம் எந்த எனர்ஜில உச்சம் தொடுதோ, அந்த எண்ணும் மொத்தம் கக்கின எனர்ஜியும் ஒண்ணுக்கொண்ணு சேந்தே ஏறுது. மொத்த எனர்ஜி 100 மடங்குன்னா உச்ச எனர்ஜி சுமார் 10 மடங்கு. அதாவது பல்போட கலரை பாத்தே அது எத்தனை வாட்னு சொல்லிடலாம், வாட் தெரிஞ்சா மங்கல வச்சு தூரம் சொல்லிடலாம். கேக்க பிரமாதமா இருக்கா? 2004-ல கிர்லாண்டா, யோனெட்டோக்கு ரெண்டு பேரு தலைமையில வேற வேற தொடர்பு வந்துச்சு, 2008-ல டைனோட்டி எக்ஸ்ரே மங்கும்போது நடுவுல வர்ற சமதளத்தை வச்சு ஒண்ணு கொண்டுவந்தாங்க, 2007-ல ஷேஃபர் 69 வெடிப்பை வச்சு ரெட்ஷிஃப்ட் 6-ஐ தாண்டி ஹப்பிள் வரைபடமே (ரெட்ஷிஃப்டுக்கு எதிரா தூரத்தை போடுற படம்) போட்டுட்டாரு. ஒரே பொருளுக்கு இத்தனை அட்டாச்மென்ட். நான் முயற்சி பண்ணது அமாட்டி மாடல் மட்டும்தான், மத்ததை பத்தி அடிச்சு பேச மாட்டேன்.

பிரச்சனை என்னன்னா அந்த தொடர்பு ஒரு கோடு இல்ல, ஒரு பட்டை. அகலமான பட்டை. உச்ச எனர்ஜி பக்கம் லாகரிதம்ல சுமார் 0.2 சிதறல், அதை மொத்த எனர்ஜிக்கு மாத்தினா 0.4, அதை மேக்னிட்யூட்டுக்கு மாத்தினா 1. மேல நான் என்ன சொன்னேன், ரெண்டு பிரபஞ்சத்துக்கும் வித்தியாசமே 1 மேக்னிட்யூட்னு. ஒரு வெடிப்போட மங்கலே அவ்ளோ இருக்கு! தூரத்துல கிட்டத்தட்ட 58 சதவீதம் ஆட்டம். சூப்பர்நோவா ஒண்ணு குடுக்குற துல்லியத்துக்கு ஜிஆர்பி சுமார் 44 வேணும், ரெண்டு சிதறலையும் வகுத்து வர்க்கம் போட்டா வந்துடும். பாந்தியான் பிளஸ்ல 1550 சூப்பர்நோவா இருக்கு, இப்ப நீங்களே பெருக்கி பாத்துக்கோங்க.

அதுக்கு மேல ஒரு சிக்கல், இதுதான் என்னை கவுத்துச்சு. எவ்ளோ எனர்ஜி கக்கிச்சுன்னு கணக்கு போட தூரம் வேணும். தூரம் வேணும்னா எந்த பிரபஞ்சம்னு தெரியணும், ஒமேகா எம் தெரியணும். ஒமேகா எம்மை கண்டுபிடிக்கத்தான் தூரமே அளக்குறோம். கோழியா முட்டையா கதைதான், இதை சர்க்குலாரிட்டி பிரச்சனைன்னு சொல்லுவாங்க. சூப்பர்நோவாவுக்கு இந்த தொல்லை இல்ல, பக்கத்து கேலக்ஸில வெடிச்சதுக்கு செஃபீட் நட்சத்திரத்தை (துடிக்கிற வேகத்தை பாத்தே நிஜ பிரகாசத்தை சொல்லிடலாம்) வச்சு தனியா தூரம் பாத்து கோடு போட்டுக்கலாம். ஜிஆர்பி பக்கத்துல வெடிக்கிறதே அபூர்வம். நீளமான வகையில பக்கத்துல பாத்தது 1998 ஏப்ரல் 25-ஆம் தேதி வந்தது, ரெட்ஷிஃப்ட் 0.0085, சுமார் 12 கோடி ஒளியாண்டு. அது என்னடான்னா அநியாயத்துக்கு மங்கல், அமாட்டி பட்டைக்குள்ள உக்காரவே மாட்டேங்குது. பக்கத்துல கிடைச்ச பிள்ளையும் சொல்பேச்சு கேக்காத பிள்ளை. 2022 அக்டோபர் 9-ல ஒண்ணு வந்துச்சே, ரெட்ஷிஃப்ட் 0.151, பத்தாயிரம் வருஷத்துக்கு ஒருக்கா வர்ற ரகம்னு கணக்கு போட்டாங்க, அது இவ்ளோ பிரகாசம் ஃபெர்மி சாட்டிலைட்டோட டிடெக்டரே திணறிப்போச்சு. அந்த ஒரு புள்ளிய வச்சு டேப்புக்கு கோடு போட முடியுமா?

என் கதைய கேளுங்க. பேப்பர்ல வந்த ஒரு டேபிளை எடுத்தேன், ஒவ்வொரு வெடிப்புக்கும் ரெட்ஷிஃப்ட், உச்ச எனர்ஜி, மொத்த எனர்ஜின்னு மூணு நெடுவரிசை. பைதான்ல புரோகிராம் எழுதினேன், முதல் வாரம் உச்ச எனர்ஜிய நம்ம கிட்ட வந்து சேந்த மாதிரியே போட்டுட்டேன், ரெட்ஷிஃப்டோட ஒண்ணு கூட்டி பெருக்கி வெடிச்ச இடத்து கணக்குக்கு மாத்தணும்னு மறந்துட்டேன், புள்ளி எல்லாம் கொசு மாதிரி பறந்துச்சு. அதை சரி பண்ணினதும் அழகா பட்டை வந்துச்சு. அந்த பட்டைக்கு கோடு போட்டு, தூரம் எடுத்து, ஒமேகா எம் ஃபிட் பண்ணேன். 0.3-க்கு பக்கத்துல வந்து நின்னுச்சு! ராத்திரி ஒன்றரை மணிக்கு நாற்காலிய விட்டு எந்திரிச்சு நடந்தேன். ரெண்டு நாள் காலு தரையிலயே படல. மூணாவது நாள் டேபிளுக்கு கீழ பொடி எழுத்துல இருந்த குறிப்பை படிச்சேன், மொத்த எனர்ஜி நெடுவரிசையை கணக்கிட எடுத்துக்கொண்ட ஒமேகா எம் 0.3-ன்னு போட்டிருக்கு. நான் உள்ள போட்டதையே வெளிய எடுத்து கண்டுபிடிப்புன்னு கொண்டாடியிருக்கேன். டேபிள் போட்டவங்க மேல தப்பே இல்ல, அவங்க ஒழுங்கா எழுதித்தான் வச்சிருக்காங்க, நான்தான் மேனுவல் படிக்காத ஆளு.

நண்பனுக்கு போன் போட்டு சொன்னா அவன் சிரிச்சான் பாருங்க. "மச்சி, உன் பாக்கெட்ல நீயே வச்ச பத்து ரூபாயை எடுத்துட்டு லாட்டரி அடிச்சுதுன்னு சொல்றியா"ன்னான். அப்புறம் சீரியஸா ஒண்ணு கேட்டான், "சூப்பர்நோவா இருக்கும்போது இந்த கருமம் எதுக்குடா?" அந்த கேள்விக்கு அப்ப என்கிட்ட பதில் இல்ல.

சரியான வழி என்னன்னு அதுக்கப்புறம்தான் ஒழுங்கா படிச்சேன். ஒண்ணு, எதையும் முன்கூட்டி நம்பாம பட்டையோட சரிவு, உயரம், சிதறல், ஒமேகா எம் எல்லாத்தையும் ஒரே நேரத்துல அவிழ்த்து விட்டுடணும். எந்த ஒமேகா எம் போட்டா புள்ளிங்க கோட்டை ஒட்டி நெருக்கமா நிக்குதோ அதை பிடிக்கணும். அமாட்டி குழு 2008-ல 70 வெடிப்பை வச்சு இதைத்தான் பண்ணாங்க. பதில்? ஒமேகா எம் 0.04-லேர்ந்து 0.40-க்குள்ள, 68 சதவீத நம்பிக்கையோட. பிளாங்க்கோட 0.007-ஐ மேல சொன்னேன்ல, இப்ப சிரிச்சுக்கோங்க. ஆனா முழுசா சிரிச்சு முடிக்காதீங்க, அதே பேப்பர்ல ஒமேகா எம் 1-ங்கறது 99.9 சதவீதம் கிடையாதுன்னும் வந்துச்சு. அதாவது பொருள் மட்டுமே நிறைஞ்ச தட்டையான பிரபஞ்சம் இல்லன்னு, சூப்பர்நோவாகிட்டயோ வேற யார்கிட்டயுமோ கடன் வாங்காம, இந்த மங்கல் டேப் தன் சொந்தக்கால்ல நின்னு சொல்லிடுச்சு. என் புரோகிராம்லயும் கடைசில அப்படித்தான் வந்துச்சு, ஒவ்வொரு ஒமேகா எம்மும் எவ்ளோ பொருந்தலன்னு காட்டுற வளைவு பாதி தூரம் தட்டையா படுத்துக்கிடக்கும், 1-க்கு பக்கத்துல போனா மட்டும் சுவர் மாதிரி ஏறும். 0.2-ஆ 0.4-ஆன்னு கேட்டா கைய விரிச்சுடும்.

இன்னொரு வழி, கடன் வாங்குறது. ரெட்ஷிஃப்ட் 1.4-க்குள்ள சூப்பர்நோவாவும் இருக்கு ஜிஆர்பியும் இருக்கு, ஒரே ரெட்ஷிஃப்ட்னா ஒரே தூரம்தானே, சூப்பர்நோவா தூரத்தை வச்சு ஜிஆர்பி டேப்புக்கு கோடு போட்டுட்டு அதுக்கு மேல தனியா அளக்கலாம், 2008-ல லியாங் குழு பண்ணது. சாமர்த்தியம்தான், ஆனா பக்கத்து கடை தராசுல தப்பு இருந்தா அந்த தப்பும் சேந்தே வரும். அப்புறம் பக்கத்துல வெடிக்கிறதும் தூரத்துல வெடிக்கிறதும் ஒரே மாதிரி நடந்துக்குதுன்னு நம்பணும், ஆதி காலத்து நட்சத்திரத்துல ஹைட்ரஜன் ஹீலியம் தவிர கனமான தனிமங்க கம்மி, அதுவும் இதே விதிப்படி வெடிச்சுச்சான்னு யாரு போய் பாத்தா. 2019-ல அமாட்டி குழு சூப்பர்நோவாவை விட்டுட்டு, வயசான கேலக்ஸிங்களோட வயசு வித்தியாசத்துலேர்ந்து கிடைக்குற விரிவு வேகத்தை வச்சு 193 வெடிப்புக்கு கோடு போட்டாங்க, எனக்கு அந்த வழி பிடிச்சிருந்துச்சு, கடன்தான், ஆனா வேற கடைல வாங்கின கடன்.

இதை எல்லாம் விட பெரிய குத்து ஒண்ணு இருக்கு, விக்குறவங்க சத்தமா சொல்ல மாட்டாங்க. 2005-ல நாகர், பிரான் ரெண்டு பேரும், அப்புறம் பேண்ட், பிரீஸ் ரெண்டு பேரும் பேட்ஸ் கருவி பிடிச்ச வெடிப்புகளை எடுத்து பாத்துட்டு, இதுல நிறைய அமாட்டி பட்டையோட ஒத்தே வராதுன்னாங்க. அதாவது பட்டைங்கறது வெடிப்போட குணமா, இல்ல நம்ம கருவி கண்ணுக்கு எட்டுறதை மட்டும் பொறுக்கி எடுத்ததால வந்த தோற்றமா? சண்டை இன்னும் முழுசா ஓயல. எனக்கு என்ன தோணுதுன்னா பட்டை உண்மைதான், வேற வேற சாட்டிலைட் பிடிச்சதுலயும் திரும்பத் திரும்ப வருது, ஆனா அதோட அகலத்துல எவ்ளோ இயற்கையோடது எவ்ளோ நம்மளோடதுன்னு பிரிக்காத வரைக்கும் டேப் மேல கண்ணை மூடிட்டு கைய வைக்க முடியாது. டேட்டாவை எப்படி பொறுக்குறோம்ங்கறதே பதிலை மாத்துது, 118 வெடிப்பு இருக்குற ஒரு தொகுப்பு மத்த அளவைங்களோட ஒத்துப்போகுது, இன்னொரு 102 வெடிப்பு தொகுப்பை டேப்பாவே எடுத்துக்க முடியாதுன்னு ரத்ரா குழு சொல்லிருக்கு.

இப்ப டார்க் எனர்ஜி. நிறைய பேரு இதுக்காகத்தான் இந்த டேப் பக்கம் வர்றாங்க, நானும் அப்படித்தான் வந்தேன், இங்கதான் பெரிய ஏமாத்தம். தூரத்துல போனா டார்க் எனர்ஜி நல்லா தெரியும்னு நெனச்சேன், உல்டா. பிரபஞ்சம் சின்னதா இருந்தப்ப பொருள் நெருக்கமா இருந்துச்சு, ரெட்ஷிஃப்ட் 8-ல 9-ஐ மூணு தடவ பெருக்குங்க, 729 மடங்கு அடர்த்தி. டார்க் எனர்ஜி மாறாத சரக்குன்னா அன்னைக்கும் இதே அளவுதான். 0.3-ஐ 729-ஆல பெருக்கினா சுமார் 219, அதுக்கு பக்கத்துல 0.7 நிக்குது. ஆயிரத்துல மூணு பங்கு! யானை நடக்குற ரோட்டுல எறும்போட கால்தடம் தேடுற கதை. டார்க் எனர்ஜி கை ஓங்கி விரிவு வேகமெடுக்க ஆரம்பிச்சதே ரெட்ஷிஃப்ட் 0.67 வாக்குல, பொருளை முந்தினது 0.33 வாக்குல. தூரத்து ஒளி மேல டார்க் எனர்ஜி கை வைக்குறது அது நம்ம கிட்ட வர்ற கடைசி கட்டத்துலதான், அந்த கட்டத்தை சூப்பர்நோவா ஏற்கனவே ரொம்ப துல்லியமா அளந்துடுச்சு. டார்க் எனர்ஜியோட குணத்தை சொல்ற டபிள்யூங்கற எண்ணை மைனஸ் 1-லேர்ந்து மைனஸ் 0.9-க்கு மாத்திப்பாத்தா தூரத்துல வர்ற வித்தியாசம் சில சதவீதம்தான். 58 சதவீதம் ஆடுற டேப்பை வச்சு சில சதவீதத்தை அளக்கப் போறது குருவி தலையில பனங்காய் வைக்கிற வேலை.

அப்ப நண்பன் கேட்ட கேள்விக்கு பதில் என்ன? ரொம்ப நாள் கழிச்சு எனக்கு தட்டுப்பட்டது இது. சூப்பர்நோவா அளக்குற இடத்துல பொருளும் டார்க் எனர்ஜியும் ரெண்டும் சேந்து இழுக்குது, ஒண்ணை கொஞ்சம் கூட்டி இன்னொண்ணை கொஞ்சம் மாத்தினா அதே தூரம் வந்துடும், யாரு எவ்ளோ இழுத்தாங்கன்னு பிரிக்குறது கஷ்டம். ரெட்ஷிஃப்ட் 5, 6, 8-ல பொருள் மட்டும்தான் ராஜா. அங்க பொருளை தனியா பிடிச்சு கட்டிட்டா, பக்கத்துல இருக்குற டேட்டாலேர்ந்து டார்க் எனர்ஜிய சுத்தமா பிரிச்சுடலாம். அதாவது ஜிஆர்பி டார்க் எனர்ஜிய நேரா அளக்காது, அளக்குறவனுக்கு ஒரு பக்கத்தை பிடிச்சு நிக்கும். அதுக்கும் மேல, 2024-லயும் 2025-லயும் டெசி குழு (கேலக்ஸிங்களை வச்சு பிரபஞ்சத்துக்கு வரைபடம் போடுறவங்க) குடுத்த ரிசல்ட்ல டார்க் எனர்ஜி காலத்தோட மாறுதோங்கற சந்தேகம் கிளம்பிருக்குல்ல, அப்படி மாறுறதா இருந்தா பழைய காலத்துல அது எவ்ளோ இருந்துச்சுன்னு பாக்க சூப்பர்நோவா கை எட்டாது. பிரபஞ்சம் பிறந்த புதுசுல கிளம்பி இன்னும் வானம் பூரா நிறைஞ்சிருக்குற பின்னணி ஒளி இருக்கே, அது ரெட்ஷிஃப்ட் 1100 பக்கத்துல, அது பிரமாதம், ஆனா அது ஒரே ஒரு காலகட்டத்தோட போட்டோ. நடுவுல இருக்குற பெரிய வெத்து இடத்துல தூரம் அளக்க ஜிஆர்பியும் குவேசாரும்தான் (கருந்துளை தின்னும்போது பளிச்சுன்னு மின்னுற கேலக்ஸி மையம்) இருக்கு, குவேசாரும் இதே மாதிரி மங்கல் டேப்தான்.

ஹப்பிள் எண், அதாவது பிரபஞ்சம் இன்னைக்கு விரியுற வேகம், இதுல கிடைக்கும்னு நெனச்சு யாரும் இறங்காதீங்க. 67.4-ஆ 73-ஆன்னு ஊரே அடிச்சுக்குதே, அந்த சண்டைய இது தனியா தீக்காது. பட்டையோட உயரமும் ஹப்பிள் எண்ணும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்துடும், வெளியில இருந்து யாராவது கோடு போட்டு குடுத்தாதான் பிரியும். ஒரு வாரம் இதுல வீணாக்கிட்டேன். 2017 ஆகஸ்ட் 17-ல வந்த குட்டி வகை வெடிப்பு அந்த விஷயத்துல கெட்டிக்காரத்தனம் காட்டுச்சு, கூடவே ஈர்ப்பு அலையும் வந்ததால தூரம் நேராவே கிடைச்சு ஹப்பிள் எண் சுமார் 70-ன்னு வந்துச்சு, ஆனா பிழை பத்து பக்கம்.

சர்வீஸ் எப்படின்னா, டேட்டா குடுக்குற விஷயத்துல குறையே சொல்ல முடியாது. வெடிச்ச கொஞ்ச நேரத்துல உலகம் பூரா தகவல் போயிடுது, யாரு வேணா பாக்கலாம், காசு கிடையாது, அனுமதி கேக்க வேண்டியதும் இல்ல, ஒவ்வொரு டெலஸ்கோப்காரங்களும் நான் இதை பாத்தேன் நீ அதை பாருன்னு போட்டுட்டே இருப்பாங்க, படிக்கவே சுவாரஸ்யமா இருக்கும். சிக்கல் கருவிங்க அமைப்புல. 2004 நவம்பர்ல போன ஸ்விஃப்ட் சாட்டிலைட் இடத்தை துல்லியமா சொல்லும், ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல திரும்பி பாத்துடும், அதனாலதான் இவ்ளோ ரெட்ஷிஃப்ட் கிடைக்குது, ஆனா அதோட காமா கண்ணு 15-லேர்ந்து 150 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (கதிரோட எனர்ஜிய அளக்குற அலகு) வரைக்கும்தான், பல வெடிப்போட உச்சம் அதுக்கு மேல போயிடும், அப்ப உச்ச எனர்ஜி தெரியாது. 2008 ஜூன்ல போன ஃபெர்மிக்கு அகலமான கண்ணு, 8 கிலோலேர்ந்து 40 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரைக்கும், உச்சம் அழகா கிடைக்கும், ஆனா இடம் சொல்லும்போது வானத்துல பல டிகிரி அகலத்துக்கு கைய காட்டும், அங்க போய் மங்குற ஒளிய தேடி ரெட்ஷிஃப்ட் எடுக்குறதுக்குள்ள அது அணைஞ்சிடும். ஒருத்தருக்கு முகவரி தெரியும் பேரு தெரியாது, இன்னொருத்தருக்கு பேரு தெரியும் முகவரி தெரியாது. ரெண்டும் கிடைக்குற வெடிப்பு மட்டும்தான் நமக்கு உதவும், அதனாலதான் ஆயிரக்கணக்குல வெடிச்சும் டேபிள்ல சில நூறுதான் தேறுது. 2024 ஜூன் 22-ல சீனாவும் பிரான்சும் சேந்து அனுப்பின எஸ்வாம் சாட்டிலைட் இந்த ரெண்டையும் ஒரே கூரைக்கு கீழ கொண்டுவரத்தான் பாக்குது, 4 கிலோலேர்ந்து 5 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரைக்கும் ரெண்டு கருவியா பிரிச்சு வச்சிருக்காங்க. புது மாடல்ல எனக்கு நம்பிக்கை இருக்கு, அதை வச்சு ஒரு நீளமான பட்டியல் சேந்தா திரும்ப என் புரோகிராமை ஓட்டுவேன்.

யாருக்கு சரிப்படும்? ஒமேகா எம் மூணாவது தசமம் வரைக்கும் வேணும்னு நிக்குறவங்க வேற கடை பாருங்க. புள்ளியியல் கத்துக்க நெனைக்குறவங்களுக்கு இதை விட நல்ல விளையாட்டு மைதானம் கிடையாது, ரெண்டு அச்சுலயும் பிழை, அதுக்கு மேல சொந்த சிதறல், அதுக்கு மேல பொறுக்கி எடுத்த டேட்டா, அதுக்கு மேல சுத்தி சுத்தி வர்ற காலிபரேஷன் (டேப்புக்கு கோடு போடுற வேலை), ஒரே பொட்டலத்துல எல்லா வியாதியும் இருக்கு. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லுவாங்க, இங்க அளக்குற கோலையே அளக்க வேண்டியிருக்கு.

போன்ல அலெர்ட் இன்னும் ஆஃப் பண்ணல. போன வாரம் ராத்திரி ஒண்ணு வந்துச்சு, நீளமான வகை, நல்ல பிரகாசம், உச்ச எனர்ஜி கூட மறுநாளே வந்துடுச்சு. ஃபைல்ல புது வரிசை போட்டு நிரப்பினேன். ரெட்ஷிஃப்ட் கட்டம் மட்டும் காலி, பெரிய டெலஸ்கோப் எதுவும் அந்த நேரத்துல திரும்ப முடியல போல, இப்ப அது மங்கியே போயிருக்கும். அந்த மாதிரி காலி கட்டம் என் ஃபைல்ல எத்தனைன்னு எண்ணிப்பாத்தேன், நிரம்பினதை விட அதுதான் ஜாஸ்தி.